வாசி உள்ள காசு

போர்ட் கிள்ளான் பக்கத்துக் கோயில் ஒன்றின் திருவிழா மலர் போன மாதம் என் கைக்கு வந்தது. வாழ்த்துச் செய்திகள், நன்கொடையாளர் படங்கள், உபயக்காரர் பட்டியல் என்று எல்லாம் வழக்கம்போல. நடுவில் நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை. எழுதியவர் ஊரில் மதிக்கப்படும் பெரியவர், பல வருடமாகச் சமயச் சொற்பொழிவு செய்து வருபவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். என் சண்டை அவர் எழுதியதோடுதான்.

அவர் சொல்வது இது. துன்பம் வந்தால் மனிதனைத் தாங்குவது இறைநம்பிக்கை ஒன்றே. தத்துவம் படித்தவன் படுக்கையில் விழுந்தால் படித்தது எதுவும் கூட வராது. சொந்தபந்தம் கையில் காசு இருக்கும் வரைக்கும்தான். நம் முன்னோர் இந்த மண்ணில் பிழைத்துக் கிடந்ததும் பக்தியால்தான். இதோடு நிறுத்தியிருந்தால் மலரை மூடி வைத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கடைசிப் பக்கத்தில், கொரோனா காலத்தில் தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்களிடம் நம்பிக்கை இருந்திருந்தால் அப்படி நடந்திருக்காதாம்.

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மலர் போன வீடுகளில் அப்படி ஒருவரைப் பறிகொடுத்த வீடும் இருக்கிறது. எங்கள் வரிசையிலேயே இருக்கிறது. அந்த அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறாமல் விளக்கேற்றுகிறவர். அவர் மகன் சின்ன வயதிலிருந்து தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தவன், என்னிடம் தமிழ் படித்தவன். மலரை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்று அந்த அம்மா கேட்டார்: "எம் புள்ளைக்குச் சாமி நம்பிக்கை இல்லாமலா போச்சு, டீச்சர்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஐயா, நீங்கள் சொல்லுங்கள். அவரிடமே வந்து சொல்லுங்கள்.

2021ஆம் ஆண்டின் முதல் 5 மாதங்களில் மட்டும் நாட்டில் 468 தற்கொலைகள் நடந்ததாகக் காவல்துறைக் கணக்கு சொன்னது. 2019 முழுவதற்கும் 609, 2020 முழுவதற்கும் 631. அந்த 468 வீடுகளின் பூசையறையை யார் எட்டிப் பார்த்தார்கள்? யார் எத்தனை முறை தொழுதார்கள், யார் தேவாலயத்துக்குப் போனார்கள், யார் விரதம் இருந்தார்கள் என்ற கணக்கு எந்த அலுவலகத்தில் இருக்கிறது? எங்கும் இல்லை. இல்லாத கணக்கை வைத்துச் செத்தவர்கள்மேல் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள். எழுந்து வந்து மறுத்துப் பேச அவர்களால் முடியாது. அந்தத் துணிச்சலில் எழுதிய வரி அது. மனச்சோர்வு ஒரு நோய். சர்க்கரை நோய்க்காரரைப் பார்த்து உனக்குப் பக்தி போதவில்லை என்று எவரும் சொல்வதில்லை. நெஞ்சு வலி வந்தால் நீங்களும் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடுவீர்கள், கூப்பிடவும் வேண்டும். மனத்துக்கு வந்த நோய்க்கு மட்டும் ஏன் ஐயா இந்தத் தண்டனை?

தண்டனை என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓர் ஆண்டு வரை சிறை என்று நம் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தது. 2023இல்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. அதுவரைக்கும் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் வருமோ என்று பயந்த குடும்பங்கள் எத்தனை! வெளியே சொன்னால் வழக்கு, உள்ளே சொன்னால் மானம் போகும் என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தவர்கள் எத்தனை பேர்! இப்போது சட்டம் அந்த வாயை விட்டுவிட்டது. உங்கள் கட்டுரை வந்து மறுபடியும் பொத்துகிறது. மனசு சரியில்லை என்று சொன்னால் நம்மைப் பக்தி இல்லாதவன் என்று நினைப்பார்களே என்று இனி ஒரு பிள்ளை தயங்கினால் அதற்கு இந்த நான்கு பக்கமும் ஒரு காரணமாக இருக்கும்.

இந்த வாதம் நமக்குப் புதிதும் இல்லை. 2021 ஜூன் கடைசியில், வீட்டில் அரிசி தீர்ந்தவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், பார்த்தவர்கள் உதவட்டும் என்ற வெள்ளைக் கொடி இயக்கம் நாடெங்கும் பரவியது நினைவிருக்கும். அப்போது பாஸ் கட்சியைச் சேர்ந்த பாச்சோக் நாடாளுமன்ற உறுப்பினர் நிக் முகமட் அப்டு என்ன சொன்னார்? வெள்ளைக் கொடி ஏற்றித் தோல்வியை ஒப்புக்கொள்ளாதீர்கள், கையை ஏந்தி இறைவனிடம் கேளுங்கள் என்றார். நாடே கொதித்தது. தொழுகை தவறாத மலாய்க்காரர்களே, பசிக்கிறவனிடம் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார்கள். நம் கோயில் வாசலிலும் அதைத்தான் பேசினோம். இன்று அதே வாதம் திருநீறு பூசிக்கொண்டு நம் மலரில் வந்திருக்கிறது. நாம் அதை அட்டை போட்டு வீடு வீடாகக் கொடுக்கிறோம்.

அந்த ஜூலை மாதத்தில் ஒரு நாளை நான் மறக்க மாட்டேன். எங்கள் தாமானுக்குப் பின்னால் ஐந்து மாடி மலிவு விலை அடுக்ககம். மூன்றாவது மாடிக் கம்பியில் ஒரு வெள்ளைத் துணி தொங்கியது. நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது துணி இல்லை, ஒரு பள்ளிச் சட்டை என்று தெரிந்தது. ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் அரைக்கைச் சட்டை, பையில் பேனா மை கசிந்த நீலக் கறை. வீட்டில் வேறு வெள்ளைத் துணி இல்லை. அந்த மனிதர் துறைமுகத்தில் லோரிக்கு உதவியாளாக ஓடியவர், வேலை நின்று போயிருந்தது. ஒருவர் கண்ணிலும் படாமல் கட்ட வேண்டும் என்று விடியற்காலையில் கட்டியிருக்கிறார். நான் அரிசி எடுத்துக்கொண்டு படியேறினேன். எனக்கு முன்பே நாலாவது மாடி மலாய் அம்மா ஒருவர் முட்டைத் தட்டோடு அங்கே நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்தவர் இருவர் முகத்தையும் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா மலாயில் சொன்னார்: "வெட்கப்படாதே தம்பி, நாளைக்கு நான் கட்டினால் நீ வருவாய்." உள்ளே பூசைமாடத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நம்பிக்கை இல்லாத வீடு இல்லை அது. அரிசி இல்லாத வீடு.

சாமி கும்பிடுகிறவன் யாரிடமும் கை நீட்டக் கூடாது என்று அவர் நினைத்திருந்தால் அந்தச் சட்டை கம்பிக்கு வந்திருக்காது. துன்பத்தில் கிடக்கிறவன் செய்ய வேண்டிய முதல் வேலை வாயைத் திறந்து கேட்பது. நம்பிக்கை ஒன்றே போதும் என்கிற போதனை அந்த முதல் வேலையையே குற்றமாக்கிவிடுகிறது. உங்கள் கட்டுரை எனக்குக் கொடூரமாகத் தெரிவது இதனால்தான்.

இனி, சொந்தபந்தம் காசு இருக்கும் வரைதான் என்ற வாக்கியத்துக்கு வருகிறேன்.

1974இல் என் அப்பா இறந்தார். துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது நடந்த விபத்து. அம்மாவுக்கு 31 வயது, நாங்கள் நான்கு பிள்ளைகள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவின் அண்ணன்கள் இரண்டு பேரும் வந்தார்கள். எல்லாம் அவன் செயல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வரவே இல்லை. ஆமாம் ஐயா, சொந்தம் ஒதுங்கும், நானே கண்ணால் பார்த்தேன். ஒதுங்கிய சொந்தம் வாயில் வைத்துக்கொண்டு போனது உங்கள் வாக்கியத்தைத்தான். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டால் மனிதன் பார்க்க வேண்டிய கடமை முடிந்துவிடுகிறது அல்லவா?

ஒதுங்காதவர்களையும் பார்த்தேன். கேரித் தீவுத் தோட்டத்தில் வேலை செய்த தாய்மாமா சம்பளம் வாங்கிய வாரம் பத்து வெள்ளியும் ஒரு மரவள்ளிக் கட்டும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டுப் போவார். அறிவுரை எதுவும் சொல்லமாட்டார். லயன் வீட்டுக்கு எதிரில் மளிகைக் கடை வைத்திருந்த சீனத் தவுக்கே, அப்பா இறந்த மறுவாரம் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு புது 555 புத்தகத்தைப் பிரித்தார். அட்டையில் 555 என்று போட்ட, உள்ளங்கை அகலக் கடன் புத்தகம் அது. என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அம்மா பெயரைத் தனக்குத் தெரிந்த சீன எழுத்தில் எழுதிக்கொண்டார். மூன்று வருடம் அந்தப் பெயர் அந்தக் கடையில் ஓடியது. ஒரு நாளும் கடையில் ஆள் இருக்கும்போது அவர் பாக்கியைக் கேட்டதில்லை. அவருக்கும் எங்களுக்கும் மொழி வேறு, சாமி வேறு.

அம்மா பக்தி உள்ளவர். அப்பாவுக்குப் பிறகு இரவில் அவர் முணுமுணுத்த முருகன் பெயர்தான் எங்களைத் தூங்க வைத்தது. அதை நான் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் அம்மா அந்தக் கடன் புத்தகத்தை எங்கே வைத்திருந்தார் தெரியுமா? பூசைமாடத்தில், திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில். படிப்பில்லாத அந்தப் பெண்ணுக்குத் தன்னைத் தாங்கியது எது எது என்று ஒன்றும் விடாமல் தெரிந்திருந்தது. இத்தனை நூல் படித்த உங்களுக்கு ஒன்று மட்டும்தான் தெரிகிறது.

தத்துவம் படுக்கைக்கு வராது என்கிறீர்கள். எந்தத் தத்துவத்தைச் சொல்கிறீர்கள்? தமிழனுக்குத் துன்பத்தைப் பற்றிய தத்துவம் பள்ளிக்கூடத்திலேயே கிடைக்கிறது. திருக்குறளின் 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. பத்துக் குறளையும் எடுத்துப் பாருங்கள். துன்பம் எப்படி வரும், அதை எப்படி எதிர்கொள்வது, உடம்பு என்றால் இடிபடத்தான் செய்யும் என்று எப்படித் தெளிவது, இவைதான் பேச்சு. கடவுள் வாழ்த்தை முதல் அதிகாரமாக வைத்த அதே வள்ளுவர் இந்தப் பத்தில் ஓர் இடத்தில்கூடக் கடவுளை அழைக்கவில்லை. அவருக்கு நம்பிக்கை போதவில்லை என்று அடுத்த மலரில் எழுதுவீர்களா? வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் மூச்சைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற எருதை அங்கே அவர் காட்டுகிறார். என் வகுப்பில் முப்பது வருடம் அந்த எருதைப் பலகையில் வரைந்திருக்கிறேன். வேலை போனபோது, மனைவி இறந்தபோது என்று வாழ்க்கையில் அடிபட்டுப் பல வருடம் கழித்து வந்த மாணவர்கள், டீச்சர் அந்த மாடு, என்று சொல்லியிருக்கிறார்கள். படித்தது வராது என்று யார் உங்களுக்குச் சொன்னது?

பிரிக்பீல்ட்ஸில் 1894 முதல் இருக்கிற மகா விகாரையைக் கடந்துதான் நம் ஆட்கள் கந்தசுவாமி கோயிலுக்கும் போகிறார்கள். பௌத்தர்கள் சொல்கிற கிசா கோதமி கதை நமக்கும் தெரிந்ததுதான். செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவளிடம் புத்தர், நம்பு, பிழைக்கும் என்று சொல்லவில்லை. சாவு நடக்காத வீட்டில் கடுகு வாங்கி வா என்றார். எல்லோரும் அந்தக் கதையில் சாவு பொது என்ற முடிவை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்த நடை முக்கியமாகப் படுகிறது. பிணத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தனியாக நின்றவள் அன்று வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் தன் வீட்டுச் சாவைச் சொன்னார், இவள் கேட்டாள். சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது அவளுக்கு ஊர் இருந்தது. ஆளைப் பேச வைத்து, பக்கத்து ஆளோடு சேர்த்து வைக்கும் தத்துவம் அது. இன்றைக்கு மனநல ஆலோசகர் செய்ய முயல்வதும் அதைத்தான்.

முன்னோர் பக்தியால் மட்டும் பிழைத்தார்கள் என்பது இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாத பொய். நம் ஊர் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் 1901 செப்டம்பரில் திறந்தது. இரண்டு மாதத்துக்குள் மலேரியா வாரிக்கொண்டு போனது. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று யோசிக்கிற அளவுக்கு. சதுப்பை மேடாக்கி, காட்டை அழித்து, வடிகால் வெட்டிய பிறகுதான் காய்ச்சல் அடங்கியது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் 1897இல் கண்டுபிடித்ததைக் கையில் எடுத்துக்கொண்டு கிள்ளான் மருத்துவர் மால்கம் வாட்சன் உழைத்தார், கூலிகள் மண்வெட்டி பிடித்தார்கள். பிறகு 1941. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில் இருந்தது, பூசை இருந்தது, தீமிதி இருந்தது. சம்பளம் மட்டும் சீனத் தொழிலாளிக்குச் சமமாக இல்லை, துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதனோடு சேர்ந்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கள்ளுக் கடையை மூடு என்றும் கேட்டார்கள். நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தத் தொழிலாளிகளும் சாமி கும்பிட்டவர்களே. கும்பிட்ட கையோடு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதனால்தான் இன்று நீங்களும் நானும் சைக்கிளை விட்டு இறங்காமல் போகிறோம்.

கடைசியாக, உங்கள் பக்கத்திலிருந்தே ஒரு சாட்சியைக் கூப்பிடுகிறேன். கட்டுரையில் மூன்று இடத்தில் தேவார மூவரை எடுத்துக்காட்டுகிறீர்கள். பெரியபுராணத்தில் திருவீழிமிழலைப் பஞ்சம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாளுக்கு ஒரு படிக்காசு தருகிறார். அந்தக் காசை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் அரிசி வாங்கி, சமைத்து, அடியார்களுக்குப் போடுகிறார்கள். அப்பர் மடத்தில் நேரத்துக்கு இலை விழுகிறது, சம்பந்தர் மடத்தில் தாமதமாகிறது. ஏன் என்று கேட்டால், சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கேட்கிறார்கள். வாசி என்றால் காசை மாற்றும்போது பிடிக்கிற கழிவு. அப்பர் காசுக்கு வாசி இல்லை. காரணமாகச் சொல்லப்படுவது அவர் கைத்தொண்டு செய்தார் என்பதுதான். உழவாரத்தைக் கையில் எடுத்து உடம்பு வருந்த வேலை செய்தவருக்கு நல்ல காசு கிடைத்தது. ஞானப்பால் குடித்தவருக்கே கழிவு பிடித்த கதையைச் சேக்கிழார் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பஞ்சத்தில் பசியைத் தீர்த்தது காசு, அரிசி, அடுப்பு, பரிமாறிய கை. அற்புதம் நடந்த கதையிலேயே இவ்வளவு வேலை இருக்கிறது ஐயா.

வள்ளலாரை எடுங்கள். 1867இல் வடலூரில் அவர் முதலில் மூட்டியது அடுப்பு. அந்த அடுப்பு இன்றும் அணையவில்லை. 2021 டிசம்பர் 18 வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது படகு வைத்திருந்தவர்கள் படகோடு வந்தார்கள். பெட்டாலிங் ஜெயா குருத்வாராவில் ஆயிரக்கணக்கானோருக்குச் சமைத்தார்கள், பல இனத்து ஆட்களும் போய் வெங்காயம் உரித்தார்கள். இவையும் நம்பிக்கையிலிருந்து வந்தவைதான், நான் மறுக்கவில்லை. இப்படி ஒரு நம்பிக்கை என் வீட்டுக்குள் வந்தால் விழுந்து கும்பிடுவேன். நீங்கள் எழுதியிருக்கும் நம்பிக்கை அடுப்பு மூட்டவில்லை, படகு தள்ளவில்லை, கடன் புத்தகம் திறக்கவில்லை. பிள்ளையை இழந்த தாயிடம் போய் உன் பிள்ளைக்குப் பக்தி போதவில்லை என்று சொல்ல மட்டும் அதற்குத் தெரிந்திருக்கிறது. அது வாசி உள்ள காசு.

அந்த அம்மா வாரம் ஒரு முறை என் வீட்டுக்கு வருகிறார். மகனைப் பற்றிப் பேசுகிறார், நான் கேட்கிறேன். போன வாரம் அவனுடைய ஐந்தாம் வகுப்புக் கட்டுரை நோட்டைக் கொண்டுவந்தார். நான் போட்ட சிவப்பு மைத் திருத்தங்கள் அதில் அப்படியே இருந்தன. இருவரும் சேர்ந்து படித்தோம்.

கோயில் நிர்வாகத்தினருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு மலரின் பின்னட்டையில் எனக்கு அரைப் பக்கம் கொடுங்கள், விளம்பரக் கட்டணத்தை நானே கட்டிவிடுகிறேன். இரண்டு எண்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். பிஃபிரெண்டர்ஸ் உதவி எண்: 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்: 15555.